பாணிக்கு நீண்ட வரிசை

2020 டிசம்பர் இரண்டாம் வாரம். கேகாலைக்கு அருகிலுள்ள ஹெட்டிமுல்லையின் ஒடுங்கிய வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். ஒன்றுகூடத் தடை இருந்தது. இடைவெளி பேணுங்கள், வெளியே வராதீர்கள் என்று சுகாதாரத் துறை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,300 ஆக இருந்த கொவிட் தொற்றாளர் எண்ணிக்கை அந்த வாரத்தில் 29,000ஐத் தாண்டியிருந்தது. அப்படியொரு நேரத்தில் வீட்டைவிட்டு வந்தவர்கள், ஒரு போத்தல் பாணிக்காகக் காத்துநின்றார்கள்.

அந்தப் பாணியைக் காய்ச்சியவர் அங்கே காளி கோவில் ஒன்றை நடத்திவந்த தம்மிக்க பண்டார. தேனும் சாதிக்காயும் வேறு சில பொருட்களும் சேர்ந்த மருந்து. செய்முறையைக் காளியம்மனே தனக்கு அருளினாள். குடித்தவருக்கு ஆயுள் முழுக்கக் கொவிட் அண்டாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. நோய்க்கு மருந்து கண்டுவிட்டேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுடைய புகழ் நாலு ஊருக்கு அப்பால் போவதில்லை. ஹெட்டிமுல்லைக்கு நாடே திரண்டதற்குக் காரணம், கூட்டம் வருவதற்கு முன்பே கெமரா வந்துவிட்டதுதான்.

தனியார் தொலைக்காட்சிகள் அவரைப் பேட்டி கண்டன. பாணி குடித்துக் குணமானதாகச் சொன்னவர்கள் திரையில் தோன்றினார்கள். அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கெமரா முன் அதைக் குடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் குடித்தார். நாட்டின் சுகாதார அமைச்சரே குடிக்கும் ஒன்றை, மாவனல்லையிலோ பிலிமத்தலாவையிலோ இருக்கும் ஒரு குடும்பம் சந்தேகிக்க என்ன காரணம் இருக்கிறது?

2021 ஜனவரி பிற்பகுதியில் அந்த அமைச்சருக்கே கொவிட் தொற்று உறுதியானது. அதற்கு முன்பே, பாணி குடித்த இராஜாங்க அமைச்சர் ஒருவருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. உலகச் செய்தி நிறுவனங்கள் அதைப் பெரிதாக எழுதின. ஆனால் ஹெட்டிமுல்லையில் உண்மையில் நடந்தது என்ன என்பதை, அமைச்சரின் பரிசோதனை முடிவை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அவருக்குத் தொற்று வராமல் போயிருந்தாலும் பாணி மருந்தென்று ஆகியிருக்காது. இந்த அத்தியாயம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

குணமானவர் சாட்சியாவாரா?

கொவிட் தொற்றிய நூறு பேரை எடுத்துக்கொண்டால், எந்த மருந்தும் குடிக்காமலே மிகப் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். அந்த நூறு பேருக்கும் பாணி கொடுத்தாலும் அதே அளவினர் பிழைப்பார்கள். வெறும் தேநீர் கொடுத்தாலும் அப்படியே. ஆகவே "குடித்தேன், குணமானேன்" என்று ஒருவர் திரையில் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. குடித்ததும் உண்மை, குணமானதும் உண்மை. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா என்பதை மட்டும் அவருடைய சாட்சியத்தால் நிறுவ முடியாது.

அதை நிறுவ ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. அதே 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு வெளியிட்ட முடிவு அதற்கு நல்ல சான்று. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தை 2,104 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழமையான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்பதை வைத்தியர் தெரிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் கணினி தீர்மானித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆய்வு, உலகத் தலைவர்கள் சிலர் புகழ்ந்துகொண்டிருந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயினையும் அதே தராசில் வைத்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்று தெரிந்தது.

இதைத் தொலைக்காட்சியில் காட்டுவது கடினம். இரண்டு குழுக்கள், குலுக்கல், மரண வீதம் ஆகியவற்றுக்கு முகம் இல்லை. காளி கோவிலுக்கு முகம் உண்டு, குணமானவருக்குக் கண்ணீர் உண்டு, நீண்ட வரிசைக்கு நல்ல காட்சி உண்டு. செய்தியாளர்கள் எல்லோரும் கெட்ட நோக்கோடு ஹெட்டிமுல்லைக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. காட்சியாக அமைவதை முன்னே கொண்டுவருவதும் அமையாததைப் பின்னே தள்ளுவதும் அந்த ஊடகத்தின் இயல்பு. அந்த இயல்பை அறிந்து சரிசெய்ய வேண்டிய ஆசிரிய பீடம் அன்று பல இடங்களில் தன் வேலையைச் செய்யவில்லை.

இன்னொரு பழக்கமும் கைகொடுத்தது. பாணியை ஆதரிப்பவர் ஒருவர், எதிர்ப்பவர் ஒருவர் என்று இருவரை அழைத்து, சம நேரம் கொடுத்துப் பேசவிடுவது. அரசியல் விவாதத்தில் அது நேர்மை. சான்று இருக்கும் ஒரு கூற்றையும் இல்லாத ஒரு கூற்றையும் அப்படி அருகருகே இருத்தினால், பார்ப்பவர் மனதில் இரண்டும் ஒரே எடையாகிவிடும். இந்த விளைவைக் காலநிலை மாற்றச் செய்திகளில் மக்ஸ்வெல் பொய்கொஃப், ஜூல்ஸ் பொய்கொஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் அளந்து காட்டினார்கள். அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்கள் நான்கில் 1988 முதல் 2002 வரை வந்த 636 கட்டுரைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை, பூமி வெப்பமாவதில் மனிதருக்குப் பங்கு உண்டு என்போரையும் இல்லை என்போரையும் சமமாக நிறுத்தியிருந்தன. விஞ்ஞானிகளிடையே அப்படியொரு சமநிலை இருக்கவேயில்லை. அது செய்தித்தாளில் மட்டும் இருந்தது.

ஒரே வாரத்தில் இன்னொரு செய்தி

ஹெட்டிமுல்லையில் மக்கள் திரண்ட அதே வாரத்தில், டிசம்பர் 9ஆம் திகதி, கொழும்பில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது கொவிட். அதன்பின் பலர் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தங்கள் துயரத்தைத் தெரிவித்தார்கள்.

கொவிட்டில் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கையோ மார்ச் இறுதியில் தன் வழிகாட்டலை மாற்றி, ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்து பரவும் என்ற வாதம் அதற்குத் துணையாக நின்றது. நிலத்தடி நீர்மட்டம், மண்ணின் தன்மை, நீரில் கிருமி ஆகிய சொற்கள் விஞ்ஞானத்தின் சொற்களாகவே ஒலித்தன. திரையில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது, அது ஏற்கெனவே நிறுவப்பட்ட உண்மையைப் போல நிலைத்துவிட்டது.

கொரோனா வைரஸ் பற்றி உலகில் எவரிடமாவது கேட்க வேண்டுமென்றால், கேட்கத் தகுந்தவர் ஒருவர் கண்டியைச் சேர்ந்தவரே. கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, 1972இல் பேராதனையில் மருத்துவப் பட்டம் பெற்ற மலிக் பீரிஸ் அவர். ஒக்ஸ்ஃபோர்டில் ஆய்வு முடித்துத் திரும்பிவந்து, மூளைக்காய்ச்சல் வைரஸ்களைப் பற்றி இந்த நாட்டிலேயே ஆராய்ந்தவர். 2003இல் சார்ஸ் நோய் உலகை உலுக்கியபோது, அதற்குக் காரணம் ஒரு புதிய கொரோனா வைரஸ் என்பதை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுதான் முதன்முதலில் கண்டறிந்தது. கேகாலையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் ஏறிக் கண்டிக்குப் போகும் அந்த ஒரே வீதியின் ஒரு முனையருகே ஹெட்டிமுல்லை. மறுமுனையருகே அவர் படித்த பேராதனை.

அவர் சொன்னது எளிமையானது. கொவிட் நீரால் பரவும் நோய் அல்ல. வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். உயிர் போன உடலில் அது பெருக வழியில்லை. இறந்த உடல்களிலிருந்து நோய் பரவியதற்குச் சான்று இல்லை. 2020 டிசம்பர் முடிவில் சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழுவும், அதையடுத்து இலங்கை மருத்துவச் சங்கமும் புதைக்க அனுமதிக்கலாம் என்ற கருத்தையே தெரிவித்தன.

இவ்வளவு சான்று இருந்தும் வர்த்தமானி மாற 2021 பெப்ரவரி இறுதிவரை ஆனது. மார்ச் 5ஆம் திகதி கிழக்கில் ஓட்டமாவடியில் முதல் ஜனாசாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இதற்கிடையே எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு எதையும் மீட்டுத் தராது.

இந்த இரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் சான்றில்லாத நம்பிக்கைக்கு மேடை கிடைத்தது. மற்றதில் சான்றில்லாத அச்சத்துக்குச் சட்டமே கிடைத்தது. இரண்டிலும் ஊடகம் மக்களுக்குக் காட்டியது யார் சொன்னார் என்பதை. அமைச்சர் சொன்னார், பேராசிரியர் சொன்னார், சுவாமி சொன்னார் என்று காட்டியது. அது அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி திரைக்கு வரவேயில்லை.

விஞ்ஞானத்தின் உடை உடுத்த வதந்தி

அந்தக் கேள்வி கேட்கப்படாததன் விலையைக் கண்டி மாவட்டம் அதற்கு முன்பே கொடுத்திருந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட்டவர் உணவில் ஏதோ கட்டி இருப்பதாகச் சத்தமிட்டார். அது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்று கூட்டம் முடிவு செய்தது. சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரரை மிரட்டி ஆமாம் என்று சொல்லவைத்த காணொளி கைபேசிக்குக் கைபேசி பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

அரச பகுப்பாய்வாளர் அந்த உணவைச் சோதித்தபோது மருந்தேதும் இல்லை, மாவுக்கட்டி மட்டுமே இருந்தது. உணவில் ஒருமுறை கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் கிடையாது என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். கருத்தடை மாத்திரைகூட நாள்தோறும் உட்கொண்டால் மட்டுமே வேலை செய்யும். நிறுத்தினால் அதன் வேலையும் நின்றுவிடும். பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் இது. ஆனால் இந்த விளக்கம் வந்துசேர்வதற்குள் மார்ச் மாதம் பிறந்துவிட்டது. ஒரு தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி இறந்த சோகம் பற்றவைத்த நெருப்புக்கு, முன்பே பரவியிருந்த இந்த வதந்தியும் விறகானது. திகனயிலும் தெல்தெனியவிலும் அக்குறணையைச் சுற்றியும் வீடுகள் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை வந்தது. மறுநாள் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தன் தளம் வன்முறைக்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த ஆண்டு அதே கருத்து, அச்சில் ஏறி வந்தது. 2019 மே 23ஆம் திகதி 'திவயின' நாளிதழின் முதற்பக்கம், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டதாக எழுதியது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குருநாகல் போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய அந்த வைத்தியர் கைது செய்யப்பட்டார்; நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். அதைச் செய்ததாகச் சொல்லப்பட்ட சிசேரியன் அறையில் அவர் தனியாக நிற்பதில்லை. மயக்க மருந்து வைத்தியரும் தாதியரும் உதவியாளர்களும் அருகில் நிற்கிறார்கள். அவர்களின் கண்முன்னே ஆயிரக்கணக்கான பெண்களின் கருக்குழாய்களை ஒருவருக்கும் தெரியாமல் எப்படிக் கட்டமுடியும்? அச்சேறும் முன் எந்த மகப்பேற்று வைத்தியரிடம் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்கும். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சான்று இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அவர் ஜூலையில் பிணையில் வெளிவந்து, சில ஆண்டுகளின் பின் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்.

இதில் பாதிக்கப்பட்டது ஒரு வைத்தியர் மட்டுமல்ல. பிரசவத்துக்குப் போகும் ஒரு பெண் தன் வைத்தியரின் பெயரைப் பார்த்து அஞ்சத் தொடங்கினால், அந்த அச்சம் மருத்துவத்தின் மீதே விழுகிறது.

பொய் ஏன் முந்துகிறது என்பதற்கு அளந்து கண்ட பதிலும் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 இலட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 126,000 செய்தித் தொடர்களை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. 1,500 பேரை எட்ட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்கள்தான். பொய்யில் புதுமையும் அதிர்ச்சியும் கூடுதலாக இருந்ததே காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கும் மிகை

எல்லாப் பழியையும் செய்தியாளர் மேல் போடுவது நியாயமாகாது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்ரோக் சம்னரும் அவருடைய குழுவினரும் 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு முக்கியமான கணக்கை வெளியிட்டார்கள். பிரித்தானியாவின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, அவற்றை மூல ஆய்வோடும் பத்திரிகைச் செய்தியோடும் ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் ஆய்வு சொன்னதைவிட நேரடியான ஆலோசனை சேர்ந்திருந்தது. மூன்றில் ஒன்றில், வெறும் தொடர்பு இருப்பதாகக் கண்டதைக் காரணமென்றே எழுதியிருந்தார்கள். விலங்காய்வு பற்றிய குறிப்புகளில், விலங்கில் கண்டதை மனிதருக்கும் மிகையாகப் பொருத்தியவை 36 சதவீதம். குறிப்பு மிகைப்படுத்தினால் பத்திரிகையும் மிகைப்படுத்தியது. குறிப்பு அடக்கமாக இருந்த இடங்களில் பத்திரிகையும் பெரும்பாலும் அடக்கமாகவே இருந்தது.

இலங்கைக்கும் இப்படியொரு அனுபவம் உண்டு. 2012 டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவைப் பகுதியில் வானில் தீப்பிழம்பு கண்டதாகச் சொல்லப்பட்டது. அங்கே எடுக்கப்பட்ட கற்களில் வேற்றுலக உயிரின் புதைபடிவம் இருப்பதாகச் சில வாரங்களிலேயே அறிவித்தவர் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க. விண்வெளித் தூசு பற்றிய ஆய்வில் ஃப்ரெட் ஹொய்லுடன் சேர்ந்து பெயர்பெற்ற உண்மையான விஞ்ஞானி அவர். கல்லில் இருந்தவை பூமியின் நன்னீரில் சாதாரணமாக வாழும் டயற்றம் பாசிகள் என்றும், கல்லே விண்கல்லென நிறுவப்படவில்லை என்றும் பிற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். அறிவிப்பு உலகத் தலைப்புச் செய்தியானது. மறுப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. சொல்பவரின் பெருமை சான்றுக்கு ஈடாகாது என்பது காளி கோவிலுக்கும் பொருந்தும், பேராசிரியருக்கும் பொருந்தும்.

இதன் மிகக் கொடிய உதாரணம் பிரித்தானியாவில் நிகழ்ந்தது. அன்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் வெறும் 12 சிறுவர்களை வைத்து, தட்டம்மைக்கான முத்தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதினார். ஊடகங்கள் அதைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதின. தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் சுமார் 92 சதவீதத்திலிருந்து 80 சதவீதம்வரை இறங்கியது. அந்தக் கட்டுரை ஒரு புரட்டு என்பதை வெளிக்கொண்டுவந்தவரும் ஒரு பத்திரிகையாளர்தான். பிரையன் டீர் என்பவர் 2004இல் தொடங்கி ஆவணம் ஆவணமாகத் தேடி எழுதினார். 2010இல் 'லான்செட்' கட்டுரையை மீளப்பெற்றது.

நம்பிக்கை எங்கே சேர்ந்தது

பாணிக்கு வரிசையில் நின்ற அதே நாட்டு மக்கள்தான் 2021இன் நடுப்பகுதியில் தடுப்பூசிக்கும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மக்கள்தொகையில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு தடவை ஊசி பெற்றுவிட்டார்கள். மக்கள் விஞ்ஞானத்தை நம்பாதவர்கள் என்ற பேச்சுக்கு இது இடம் தரவில்லை. அச்சத்தில் இருந்தபோது எது கிடைத்ததோ அதற்கு நின்றார்கள். டிசம்பரில் கிடைத்தது பாணி; இந்தியா வழங்கிய முதல் தடுப்பூசிகள் வந்து இறங்கியது ஜனவரி 28ஆம் திகதி.

அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. தோட்டத்து லயனுக்கும் கிராமத்து வீட்டுக்கும் நடந்துபோகும் மருத்துவ மாது, குழந்தையின் எடையைக் குறித்து ஊசித் திகதியைச் சொல்லிவிட்டுப் போவார். பல தலைமுறைகளாக இது நடக்கிறது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். மலேரியா இல்லாத நாடென்று 2016 செப்டெம்பரில் சான்றிதழ் கிடைத்தது. 1963இல் 17 நோயாளிகளாகக் குறைந்து, கவனம் தளர்ந்ததும் அந்தத் தசாப்தம் முடிவதற்குள் இலட்சக்கணக்காகப் பெருகிய நோய் அது. இந்த வெற்றிகள் தலைப்புச் செய்தியானது சான்றிதழ் கிடைத்த நாளில் மட்டும். நோய் வராமல் போன ஆயிரக்கணக்கான நாட்களுக்குத் தலைப்புச் செய்தி கிடையாது.

சிக்கல் வந்தபோது எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் இங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. ஊசி போட்ட பின் ஐந்து குழந்தைகள் இறந்ததாக அறிக்கைகள் வந்ததும், ஏப்ரலில் அரசு அதை நிறுத்திவைத்தது. மரணங்கள் ஒவ்வொன்றையும் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். தடுப்பூசிதான் காரணம் என்று கருத இடமில்லை என்ற முடிவு வந்தது. 2010இல் ஊசி திரும்பவும் தொடங்கியது. நிறுத்தியதும் ஆராய்ந்ததும் மீண்டும் தொடங்கியதும் ஒளிவின்றி நடந்தன. நாட்டின் தடுப்பூசி வீதம் சரியவில்லை.

கொவிட் காலத்திலும் இப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் நீலிகா மளவிகே, சந்திம ஜீவந்தர ஆகியோர் வைரஸின் மரபணு வரிசையைப் பகுத்து, 2021 பெப்ரவரியில் அல்ஃபா திரிபு நாட்டுக்குள் வந்துவிட்டதைக் கண்டார்கள். எந்தப் பகுதிகளில் கண்டோம், அதன் பொருள் என்ன என்று பொதுவெளியில் உடனுக்குடன் சொன்னார்கள். எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அவர்களிடம் காட்டக்கூடிய பதில் இருந்தது.

கணவாயின் சரிவில்

விஞ்ஞானம் மக்களுக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்பது, கண்டிக்கு ஏறும் கணவாயிலுள்ள கடுகண்ணாவைக்கு வெறும் கொள்கை விவாதம் அல்ல. 2025 நவம்பர் 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியோரம் மண்ணும் பாறையும் சரிந்து கடையையும் வீட்டையும் மூடின, உயிர்கள் போயின. ஒரு வாரத்துக்குள் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

மலைச்சரிவு ஏன் சரிகிறது என்பது அறிந்த விடயம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி நிரம்பும்போது, மண்துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் கூடி அவற்றின் பிடிமானம் தளர்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை அளவுகளாக மாற்றியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். ஆபத்தான சரிவுகளில் வாழும் குடும்பங்களுக்கு எளிய மழைமானிகளையும் அந்த நிறுவனம் கொடுத்திருக்கிறது. தன் வீட்டு முற்றத்தில் தானே அளந்து முடிவெடுக்கலாம்.

ஆனால் செய்தியில் பெரும்பாலும் வருவது "மண்சரிவு அபாய எச்சரிக்கை நீடிப்பு" என்ற ஒரு வரியும் மாவட்டங்களின் பட்டியலும்தான். மூன்று நிலைகளில் எது, எத்தனை மில்லிமீற்றர், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எங்கே போய்த் தங்குவது என்பவை அந்த வரியில் இல்லை. டித்வா நாட்களில் தமிழில் எச்சரிக்கைகள் தாமதமாகவே வந்தன, சில வரவேயில்லை என்று முறைப்பாடுகள் எழுந்தன. தோட்டங்களில் சரிவின் விளிம்பில் வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதற்கு ஆண்டுகள் முன்பே, 2005இலும் 2011இலும், அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மாற்று நிலமும் வீடும் கிடைக்கவில்லை. அந்தக் கோப்பு இருப்பதையே நாட்டின் பெரும்பகுதி அறிந்துகொண்டது, மரணத்தின் பின் வந்த செய்திகளில்தான்.

எச்சரிக்கை விடுத்து மண் சரியாத நாளும் வரும். அப்படிப்பட்ட நாட்களே அதிகம். பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு பாடசாலை மண்டபத்தில் இரவைக் கழித்துவிட்டுத் திரும்புபவர், வீடு அப்படியே நிற்பதைக் கண்டு அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடும். விஞ்ஞானத்தின் மீதான நம்பிக்கை மிக எளிதாகக் கசிந்துபோவது அந்தக் காலையில்தான். அன்று மலைநாட்டுச் செய்தியாளர் எழுத வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நேற்றிரவு எவ்வளவு மழை எதிர்பார்க்கப்பட்டது, எவ்வளவு பெய்தது, எந்த மானியில் எத்தனை மணிக்கு எந்த அளவு பதிவானது, சரிவில் புதிய வெடிப்புகள் உண்டா, நிறுவனத்தின் அதிகாரி வந்து பார்த்தாரா, எச்சரிக்கையை எந்த அளவீட்டை வைத்து நீக்கினார்கள் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அதே நாளில் எழுத வேண்டும். அதற்கு வேண்டிய தரவு நிறுவனத்திடமும் வளிமண்டலவியல் திணைக்களத்திடமும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் செய்தியாளரும், அந்தச் செய்திக்கு இடம் ஒதுக்கும் ஆசிரியரும் அடுத்த பருவமழைக்கு முன்பே வேண்டும்.